நாடியா, மூச்சா? ஹைதராபாத் குளோரோஃபார்ம் விசாரணையும் மயக்கவியலாளர் சங்கத்தின் தேவையும்

1889ஆம் ஆண்டின் இறுதியில் ஹைதராபாத்திலிருந்து லண்டனுக்கு ஒரு தந்தி சென்றது. நாய், குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல் என 490 விலங்குகளைக் கொண்டு சோதனைகள் நடத்தப்பட்டன என்பதும், குளோரோஃபார்ம் ஒருபோதும் இதயத்தை நேரடியாகத் தாக்கிக் கொல்வதில்லை, மூச்சை நிறுத்தியே கொல்கிறது என்பதும் அதன் சாரம். செலவை ஏற்றவர் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான். சோதனையில் பங்கேற்க லண்டனிலிருந்து அழைக்கப்பட்டவர் அக்காலத்தின் பெயர்பெற்ற மருந்தியல் அறிஞர் லாடர் பிரண்டன். முடிவுகளை வெளியிட்டது 'லான்செட்' இதழ். இவ்வளவு பெருமைகளும் சேர்ந்திருந்தும் அந்த முடிவு தவறானது.

இந்தியாவில் மருத்துவ நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்ந்து வருபவன் என்ற முறையில் இந்தத் தவறு என்னை நெடுநாள் தொந்தரவு செய்திருக்கிறது. சோம்பலாலோ வஞ்சகத்தாலோ நேர்ந்த பிழையாக இருந்தால் அதைக் கடந்து போய்விடலாம். இது உழைப்பாலும் நேர்மையாலும் பெரும் பொருட்செலவாலும் விளைந்த பிழை. திறமையான ஒரு மருத்துவர், வள்ளலான ஒரு மன்னர், புகழ்பெற்ற ஒரு விஞ்ஞானி ஆகிய மூவரும் கூடியும் எட்ட முடியாத ஒன்றைப் பிற்காலத்தில் எது எட்டியது என்று தேடும்போது, பெயர் சொல்லும்படியான தனிமனிதர் எவரும் விடையாகக் கிடைப்பதில்லை. கிடைப்பது ஒரு சங்கம். உறுப்பினர் கட்டணம், ஆண்டு மாநாடு, செய்திமடல், உட்பூசல் எல்லாம் கொண்ட சாதாரணத் தொழில்முறைச் சங்கம். அதன் கதையையே இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் பின்னணி. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈத்தர் ஆவியைக் கொடுத்து, நோயாளி வலியறியாமல் அறுவை நடப்பதைப் பலர் முன்னிலையில் காட்டினார். உலக மயக்கவியல் நாளாக இன்று கொண்டாடப்படுவது அந்தத் தேதிதான். கப்பல் வழியாகச் செய்தி பரவிய அந்தக் காலத்திலும் ஐந்தே மாதங்களில் ஈத்தர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1847 மார்ச் 22 அன்று கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், டாக்டர் ஓ'ஷானெஸ்ஸியின் மேற்பார்வையில் அது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அதற்கும் முன்பே, 1845 முதல், ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ஹூக்ளியில் மெஸ்மரிசம் என்னும் மனவசிய முறையால் நோயாளிகளைத் துயிலச் செய்து பெரிய கட்டிகளை அகற்றி வந்தார். வலியில்லாத அறுவை என்ற ஆசை வங்காளத்தில் ஈத்தருக்கு முன்பே வேர்விட்டிருந்தது.

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். ஈத்தரைப் போல எளிதில் தீப்பற்றாது; மூச்சை அவ்வளவாக உறுத்தாது; விரைவில் மயக்கும்; சிறு புட்டியும் ஒரு கைக்குட்டையும் போதும். வெப்பநாடான இந்தியாவில், எளிதில் ஆவியாகிவிடும் ஈத்தரைக் காட்டிலும் இதுவே உகந்ததெனக் கருதப்பட்டது. 1848 ஜனவரியில் கல்கத்தாவில் குளோரோஃபார்ம் பயன்பாட்டுக்கு வந்தது.

அதே மாதம் 28ஆம் தேதி, இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே வின்லேட்டன் என்னும் ஊரில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்தாள். சில நிமிடங்களில் இறந்தாள். உயிருக்கு எவ்வகையிலும் ஆபத்தில்லாத ஒரு சிறு அறுவை. உடல்நலத்தோடு வந்த ஒரு சிறுமி. மயக்க மருந்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பது இதையே. அவளை எழுப்புவதற்காக வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும் மூச்சை அடைத்துவிட்டன என்றார் சிம்ப்சன். செறிவு மிகுந்த ஆவி இதயத்தைத் திடீரென முடக்கிவிட்டது என்ற கருத்து லண்டனில் ஜான் ஸ்நோவிடமிருந்து வந்தது. காலரா குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று காட்டிய அதே ஸ்நோதான் அவர்.

இவ்வாறு இரண்டு மரபுகள் உருவாயின. லண்டன் மரபில் மயக்கம் கொடுப்பதற்கென்றே ஒரு மருத்துவர் இருந்தார். ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தக் கருவி இருந்தது. ஒரு விரல் எப்போதும் நாடியின் மேல் இருந்தது. எடின்பரோ மரபில் மடித்த துணியில் குளோரோஃபார்மைத் தாராளமாக ஊற்றி முகர வைத்தார்கள். கொடுப்பவர் மாணவராகவும் இருக்கலாம். நாடியைப் பார்க்க வேண்டியதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்பது பேராசிரியர் ஜேம்ஸ் சைமின் போதனை. 1858இல் ஸ்நோ இறந்த பின் வெளிவந்த அவருடைய நூல், குளோரோஃபார்மால் நேர்ந்த ஐம்பது மரணங்களை ஒவ்வொன்றாக அலசுகிறது. இறந்தவர்களை எண்ணி, ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்று எழுதிவைத்து, அதிலிருந்து பாடம் காணும் அந்தப் பழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சைமின் மாணவர்களுள் ஒருவரான எட்வர்ட் லாரி, ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சியின் அறுவை மருத்துவராகவும் நிஜாம் அரசின் மருத்துவப் பள்ளித் தலைவராகவும் பணியாற்றினார். குரு சொன்னதை வேதமாக ஏற்றவர். அவருடைய மேற்பார்வையில் ஹைதராபாத்தின் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோருக்கு எடின்பரோ முறையில் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவருடைய மாணவர்கள். மரணமே நேரவில்லை என்று லாரி பெருமிதத்தோடு அறிவித்தார். லண்டன்காரர்களின் இதய அச்சம் வீண் என்பதை மெய்ப்பிக்க 1888இல் முதல் விசாரணைக் குழுவை அமைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட தெருநாய்களின் மேல் சோதனை நடத்தினார். எல்லாவற்றிலும் மூச்சு முதலில் நின்றது. இதயம் பிறகே நின்றது.

'லான்செட்' ஐயம் தெரிவித்தது. நிஜாம் அரசோ அந்த ஐயத்தையே வரவேற்று, ஆயிரம் பவுண்டு அளித்து, நீங்களே ஒரு வல்லுநரை அனுப்பிப் பாருங்கள் என்றது. ஒரு சுதேச சமஸ்தானம் உலக மருத்துவத்தின் முதன்மையான ஐயத்தைத் தீர்க்கத் தன் கருவூலத்தைத் திறந்தது என்பது சிறிய செய்தியன்று. இந்தக் குறிப்பில் நான் விசாரணையின் முடிவை விமர்சித்தாலும், அந்த விருந்தோம்பலைக் குறைத்து மதிப்பிடவில்லை. இதயமே முதலில் நிற்கக்கூடும் என்ற கருத்தோடு கப்பலேறிய பிரண்டன், ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் கண்ட காட்சிகளால் மனம் மாறினார். மாறிய மனத்தின் அறிவிப்புத்தான் தொடக்கத்தில் குறிப்பிட்ட தந்தி.

இதே ஹைதராபாத் சூழலிலிருந்துதான் ரூபாபாய் ஃபர்துன்ஜி வந்தார். 1885இல் லாரியின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த ஐந்து பெண்களுள் ஒருவர், பார்சி இனத்தவர். ஹைதராபாத் மருத்துவமனைகளில் நெடுங்காலம் குளோரோஃபார்ம் கொடுத்து வந்தார். 1909இல் மேற்படிப்புக்காக எடின்பரோ சென்றார். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று இன்று பலரும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். லாரியின் பெயரில் அறிக்கைகளும் கடிதப் போர்களும் மிகுந்து கிடைக்கின்றன. ரூபாபாயின் அன்றாட உழைப்போ சில வரிக் குறிப்புகளாகவே நமக்குத் தெரியவருகிறது. நோயாளியின் முகத்தருகே அமர்ந்து மணிக்கணக்கில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவர்களின் வரலாறு எங்கும் இப்படித்தான் இருக்கிறது.

சரி, ஹைதராபாத் முடிவு எங்கே தவறியது? 1880இலேயே கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று, குளோரோஃபார்ம் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் தளர்த்துகிறது என்று அறிவித்திருந்தது. 1893இல் கேம்பிரிட்ஜில் காஸ்கெல், ஷோர் ஆகிய இருவரும் நுட்பமான சோதனைகளால் ஹைதராபாத் முடிவை மறுத்தார்கள். புதிர் முழுமையாக அவிழ்ந்தது 1911இல். குட்மன் லெவி என்ற மருத்துவர், குளோரோஃபார்மை அளவுக்கு மீறிக் கொடுத்த பூனைகளைக் காட்டிலும் இலேசாகக் கொடுத்த பூனைகளிடம் விசித்திரமான ஒன்றைக் கண்டார். மயக்கம் ஆழமாகாத நிலையில், உடலில் அட்ரினலின் கூடும்போது இதயம் ஒழுங்கிழந்து துடித்துத் திடீரென நின்றுவிடுகிறது.

அச்சத்தில் அட்ரினலின் சுரக்கும் என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். பயந்து நடுங்கும் ஒரு சிறுமி, முதல் சில மூச்சுகள், இன்னும் ஆழ்ந்த மயக்கம் வரவில்லை. ஹன்னா கிரீனரின் மரணம் இந்தச் சித்திரத்தோடு பொருந்துகிறது. ஹைதராபாத்தில் நடந்ததோ வேறு. அங்கே விலங்குகளுக்குச் சாகும்வரை குளோரோஃபார்ம் கொடுத்து, எது முதலில் நிற்கிறது என்று பார்த்தார்கள். மிகை மருந்தில் மூச்சு முதலில் நிற்பது உண்மையே. ஆனால் மனிதர்கள் அறுவை மேசையில் இறந்தது பெரும்பாலும் மிகை மருந்தால் அன்று. அவர்கள் கேட்ட கேள்விக்குச் சரியான விடை கிடைத்தது. கேள்விதான் நோயாளியுடையதாக இருக்கவில்லை.

இதைவிட ஆழமான பிழை ஒன்றும் உண்டு. ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தேன், ஒருவரும் இறக்கவில்லை என்ற லாரியின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் எவ்வளவு தூரம் அது செல்லும்? புள்ளியியலில் ஓர் எளிய விதி இருக்கிறது. மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லையென்றால், உண்மையான ஆபத்து ஆயிரத்தில் ஒன்று வரை இருக்கலாம் என்ற சாத்தியத்தைக்கூட அந்த அனுபவத்தால் விலக்க முடியாது. குளோரோஃபார்ம் மரணமோ சில ஆயிரங்களுக்கு ஒன்று என்ற அளவில் நேர்ந்தது. ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுதும் உழைத்தும் அதை ஒருமுறைகூடக் காணாமல் ஓய்வு பெற்றுவிடலாம். மற்றொருவர் முதல் மாதத்திலேயே கண்டு, தன் கைப்பிழையென்று எண்ணி வெளியே சொல்லாமல் புதைத்துவிடலாம். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவருக்குமே உண்மை தெரியாது. அரிதாக நேரும் மரணம் தனி அனுபவத்தின் வலையில் சிக்குவதில்லை. பலருடைய ஏடுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த ஏடுகளை ஒன்றாக வைக்கும் மேசைக்குத்தான் சங்கம் என்று பெயர்.

1893இல், அதாவது காஸ்கெலும் ஷோரும் ஹைதராபாத்தை மறுத்த அதே ஆண்டில், ஃபிரடெரிக் சில்க் என்பவரின் முயற்சியால் லண்டனில் மயக்கவியலாளர் கழகம் தோன்றியது. இத்துறைக்கென உலகில் எழுந்த முதல் அமைப்பு அது. 1908இல் ராயல் மருத்துவக் கழகத்தின் ஒரு பிரிவாக அது இணைந்துவிட்டது. அறிவுரையாடலுக்கு அது போதுமானதாக இருந்தது. தொழிலின் தரத்துக்கும் பயிற்சிக்கும் குரல் கொடுக்கப் போதவில்லை. எனவே 1932இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஹென்றி ஃபெதர்ஸ்டனின் முன்முயற்சியில் கிரேட் பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியலாளர் சங்கம் தனியே அமைந்தது.

இந்தச் சங்கம் 1949இல் தொடங்கிய ஒரு பணியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நாடெங்குமுள்ள மயக்கவியலாளர்களே, உங்கள் கையில் நேர்ந்த மரணங்களை எங்களுக்கு எழுதுங்கள், உங்கள் பெயரும் நோயாளியின் பெயரும் வெளிவராது, தண்டனை இல்லை, நாங்கள் படித்து, எது தவறியது என்று மட்டும் பார்ப்போம் என்றது. கடிதங்கள் வந்தன. 1956இல், ஆயிரம் மரணங்களை ஆராய்ந்த அறிக்கையைச் சங்கத்தின் இதழே வெளியிட்டது. ஸ்நோவின் ஐம்பது ஒரு நூற்றாண்டில் ஆயிரமாக வளர்ந்திருந்தது. வயிற்றிலிருந்து மேலேறும் திரவம் மூச்சுக்குழலில் புகுந்து நேரும் மரணங்கள் அந்த ஏடுகளில் திரும்பத் திரும்ப வந்தன. ஐந்தாண்டுகள் கழித்து, 1961இல், கழுத்தின் முன்புறக் குருத்தெலும்பை அழுத்தி உணவுக்குழலை மூடும் முறையை செல்லிக் என்பவர் வெளியிட்டார். இன்றும் அவசர அறுவைக்கு முன் உண்ணாமல் வந்தீர்களா என்று மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இத்தகைய மரணங்கள் நிற்கின்றன.

அமெரிக்காவில் இதே வேலை வேறு வழியில் நடந்தது. அங்கே வழக்குகள் மிகுதி. 1980களின் நடுவில் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம், தீர்ப்பாகி மூடப்பட்ட காப்பீட்டு வழக்குக் கோப்புகளைத் திரட்டிப் படிக்கத் தொடங்கியது. மூச்சு சார்ந்த விபத்துகளே மிகக் கொடிய விளைவுகளைத் தந்தன என்பதும், அவற்றுள் பலவற்றை முன்கூட்டியே அறிந்திருக்கலாம் என்பதும் வெளிப்பட்டன. 1986இல் அச்சங்கம் அடிப்படைக் கண்காணிப்பு நெறிகளை ஏற்றுக்கொண்டது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974இல் அறிவித்த தத்துவத்தால் உருவான பல்ஸ் ஆக்சிமீட்டர், விரலில் மாட்டும் சிறு கவ்வியாக, அறுவை அரங்குகளில் பரவியது. கொரோனா காலத்தில் நம்மில் பலர் வீட்டிலேயே வாங்கி வைத்த கருவி அதுதான். நாடியா, மூச்சா என்று லாரியும் லண்டனும் மோதிய கேள்விக்கு, இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டும் கருவியொன்று விடையாக வந்தது.

இனி இந்தியா. 1947இல் பம்பாயில் இந்திய மயக்கவியலாளர் சங்கம் பிறந்தது. விடுதலையடைந்த அதே ஆண்டு. அன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பல மருத்துவமனைகளில் மயக்கம் கொடுப்பது தனித் துறையாகவே கருதப்படவில்லை. அறுவை மருத்துவர் தலையசைத்தால், கையில் வேலையில்லாத இளம் மருத்துவரோ உதவியாளரோ துணியில் ஈத்தரைச் சொட்டுவார். எடின்பரோவின் பழைய போதனை பிரிட்டனில் மறைந்த பின்னும் நம் மாவட்ட மருத்துவமனைகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. இச்சூழலில் ஒரு சிலர் கூடி, இது ஒரு தனிக் கல்வி, தனிப் பொறுப்பு, தனித் தொழில் என்று சொன்னதே பெரிய செயல். 1953இல் அவர்களுடைய ஆய்விதழ் தொடங்கியது. மதிப்பெண்ணும் மரியாதையும் அறுவைத் துறைகளுக்கே சென்ற நாட்டில், இரண்டாம் வரிசையில் நின்ற ஒரு துறை எழுபதாண்டுகளுக்கும் மேலாக இதழ் நடத்தி வருவதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியச் சங்கத்தின் பணியைப் புரிந்துகொள்ள இந்திய மயக்கவியலாளரின் பிழைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பெருநகரங்களுக்கு வெளியே பலர் எந்த மருத்துவமனையிலும் நிலையான பணியில் இல்லை. காலையில் ஒரு நர்சிங் ஹோம், நண்பகலில் வேறொன்று, நள்ளிரவில் அவசரச் சிசேரியனுக்கு மூன்றாவது. மருந்துகளும் குழாய்களும் அடங்கிய பெட்டியைத் தாமே சுமந்து செல்கிறார்கள். கூப்பிடுபவர் அறுவை மருத்துவர். கட்டணத்தை முடிவு செய்பவரும் பெரும்பாலும் அவரே. அந்த அரங்கில் உறிஞ்சு கருவி பழுதாகியிருக்கிறது, மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை என்றால், நான் மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று சொல்வது எளிதன்று. சொன்னால் அடுத்த அழைப்பு வேறொருவருக்குப் போகும்.

இங்கேதான் சங்கத்தின் நெறிமுறை ஓர் ஏட்டுச் சரக்கு என்ற நிலையைக் கடந்து கருவியாகிறது. இன்னின்ன கண்காணிப்பு இல்லாமல் மயக்கம் கொடுக்கக் கூடாது என்று சங்கம் எழுதிவைத்தால், தனி மருத்துவர் தம் பிடிவாதமாகச் சொல்ல வேண்டியதைச் சங்கத்தின் விதியாகச் சொல்லலாம். முடியாது என்ற சொல்லுக்கு அது முதுகெலும்பு தருகிறது. 2016இல், மூச்சுக்குழல் செலுத்துவது கடினமாகும் நோயாளிகளைக் கையாள்வதற்கான இந்திய வழிகாட்டுதல்கள் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. நம் மருத்துவமனைகளில் எவை கிடைக்கும், எவை கிடைக்காது என்பதை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அவை. 2017இல், மருத்துவம் படிக்காத பொதுமக்களும் செய்யக்கூடிய, மார்பை அழுத்துவதை மட்டும் கற்பிக்கும் உயிர்மீட்பு முறை அதே இதழில் வெளியிடப்பட்டது. அறிமுகமற்றவரின் வாயில் வாய்வைத்து ஊதத் தயங்கும் ஒரு சமூகத்தில், கைகளால் மட்டும் செய்யத்தக்கதைச் சொல்லித்தருவோம் என்ற அந்த முடிவில் நடைமுறை அறிவு இருக்கிறது.

சங்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டால் மற்ற உறுப்பினர்கள் பங்களித்து அவருடைய குடும்பத்துக்குத் தொகை வழங்கும் குடும்ப நல நிதி ஒன்றை அது நடத்துகிறது. ஓய்வூதியமோ நிறுவனக் காப்பீடோ இல்லாமல் பெட்டியைச் சுமந்து திரியும் தொழிலுக்கு இது எவ்வளவு தேவையானது என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய வணிகக் குழுக்களும் கைவினைஞர் குழுக்களும் தம்மவர் குடும்பங்களைத் தாங்கிய மரபை வரலாற்று மாணவன் இங்கே அடையாளம் காணாமல் இருக்க முடியாது.

ஆயினும் சங்கங்களைப் பற்றி எழுதுபவன் புகழுரையோடு நிறுத்தக் கூடாது. தொழில்முறைச் சங்கம் இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்கிறது. ஒன்று நோயாளியின் பாதுகாப்பு. மற்றொன்று உறுப்பினரின் நலன். பெரும்பாலும் இரண்டும் ஒரே திசையில் செல்லும். செல்லாத இடங்களில்தான் சங்கத்தின் தரம் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. கிராமப்புறங்களில் பிரசவத்தின்போது உயிருக்குப் போராடும் பெண்ணுக்குச் சிசேரியன் செய்ய அறுவை மருத்துவர் இருந்தும், மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் அவளை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய நிலை நீடித்தது. எனவே எம்.பி.பி.எஸ். முடித்த அரசு மருத்துவர்களுக்குப் பதினெட்டு வாரங்களில் உயிர்காக்கும் மயக்கவியல் திறன்களைக் கற்பிக்கும் திட்டத்தை மைய அரசு கொண்டுவந்தது. மயக்கவியலாளர்களிடையே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. மூன்றாண்டு படித்துப் பெறும் திறனைப் பதினெட்டு வாரத்தில் தருவதா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. மயக்கம் கொடுப்பது எவரும் செய்யும் வேலை என்ற பழைய எண்ணத்தை எதிர்த்தே அவர்களுடைய சங்கம் பிறந்தது. ஆனால் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக்கு ஆம்புலன்சில் போகும் வழியிலேயே இறந்துபோகும் தாய்க்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? இரண்டு கேள்விகளும் ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டும். தரம் தாழக்கூடாது என்று சொல்லும் சங்கம், தரமான ஆள் அங்கே எப்படிப் போய்ச் சேர்வார் என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் வேதனையானது. ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் மாறிப்போகும் விபத்து. சிலிண்டர்கள் தவறாகப் பொருந்தாதபடி ஊசிப் பொருத்து முறை 1950களிலேயே வந்துவிட்டது. ஆக்சிஜனுக்குக் கருப்பு உடலும் வெள்ளைத் தோளும், நைட்ரஸ் ஆக்சைடுக்கு நீலமும் என வண்ணங்களும் வகுக்கப்பட்டன. இருந்தும் 2011இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்பட்ட ஒரு பெண் நினைவு திரும்பாமலே இறந்தார். 2016இல் இந்தூரில், சுவருக்குள் குழாய் இணைப்பு மாறியதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. சிலிண்டரைத் தடுத்த பூட்டு, சுவருக்குள் ஓடும் குழாயில் இல்லை. இத்தகைய நிகழ்ச்சிகள் நாளிதழில் செய்தியாகின்றன, நீதிமன்றத்தில் வழக்காகின்றன, யாரேனும் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். அடுத்த ஊரின் மருத்துவமனை அதிலிருந்து எதைக் கற்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுபவனுக்குச் செய்தித்தாள் கத்தரிப்புகளே எஞ்சுகின்றன.

ஏன் இப்படி? ஒரு காரணம் அச்சம். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நோயாளிகளுக்கு அது தேவையான உரிமை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், கடுமையான அலட்சியம் இருந்தாலொழிய மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தால் தண்டிக்கக் கூடாது என்றும், வழக்குத் தொடரும் முன் சுதந்திரமான மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் வரையறுத்தது. அந்த வழக்கின் மூலமே, மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்ற குற்றச்சாட்டுத்தான். சட்டம் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் நீதிமன்றம் கேட்பது யார் குற்றவாளி என்று. ஏன் நேர்ந்தது, எங்கெல்லாம் மீண்டும் நேரும் என்ற கேள்வி அதன் வேலைக்கு வெளியே இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் சங்கம். தண்டனைக்கு அஞ்சி வாய்மூடும் மருத்துவரிடமிருந்து அந்த உண்மையைப் பெற, 1949இல் பிரிட்டிஷ் சங்கம் கொடுத்தது போன்ற ஓர் உறுதிமொழி வேண்டும்.

அது நம் நாட்டில் நடக்காது என்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். அங்கே மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, மாநில அரசின் ஒத்துழைப்போடு, 2004 முதல் தாய்மை மரணங்களை இரகசியமாக ஆய்வு செய்து வருகிறது. மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பெயரும் நீக்கப்பட்ட கோப்புகளை வல்லுநர்கள் படிக்கிறார்கள். ஏன் தாய்மார் இறக்கிறார்கள் என்று அறிக்கையாக வெளியிடுகிறார்கள். அந்த அறிக்கைகளிலிருந்து சிகிச்சை முறைகள் மாறின. ஒரு மாநிலத்தின் தொழில்முறை அமைப்பு செய்ததை, நாடு முழுவதும் கிளைகள் கொண்ட மயக்கவியலாளர் சங்கமும் தன் துறையின் மரணங்களுக்கு விரிவாகச் செய்ய முடியும். எண்ணிப் பார்த்து மாற்றிக்கொண்டால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இந்திய மண்ணிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. புது தில்லி அவற்றுள் ஒன்று. 2009இல் வெளியான அந்த எட்டு நகரங்களின் மொத்த முடிவில் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. விலையுயர்ந்த மருந்து எதுவும் அதில் இல்லை. ஒரு தாளில் சில கேள்விகள். அவற்றை உரக்கக் கேட்கும் பழக்கம்.

மீண்டும் லாரியிடம் வருகிறேன். அவரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அவருக்கு இருந்த குறை நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. தம் கையில் யாரும் இறக்கவில்லை என்பதையே ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாக அவர் கொண்டார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவருடைய மாணவர்கள்; ஐயம் எழுப்பியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். நிஜாமின் ஆயிரம் பவுண்டு ஒரு பருவத்துக்கு ஒரு வல்லுநரைக் கொண்டுவந்தது. அவர் திரும்பியதும் விவாதம் பகையாக மாறியது. தொடர்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் ஏற்பாடு எதையும் அந்தப் பணம் விட்டுச்செல்லவில்லை. ஒரே ஊரில், மாறுபட்ட பயிற்சி பெற்ற பத்துப் பேர் மாதந்தோறும் கூடி, இந்த மாதம் என் மேசையில் ஒருவர் இறந்தார் என்று வெட்கமின்றிச் சொல்லத்தக்க ஓர் அறை இருந்திருந்தால், 490 விலங்குகள் பிழைத்திருக்கக்கூடும். சில மனிதர்களும் பிழைத்திருக்கக்கூடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்களுள் மருத்துவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். தாத்தாவோ பாட்டியோ நடத்திய சிறு மருத்துவமனையின் பழைய அறுவை அரங்கப் பதிவேடுகள், மயக்கம் கொடுத்த விவரம் எழுதிய நோட்டுப் புத்தகங்கள், சங்கக் கிளைக் கூட்டங்களின் குறிப்பேடுகள் பரணில் கிடந்தால் அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நோயாளிகளின் பெயர்களை மறைத்துவிட்டு, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படையுங்கள். ரூபாபாய் தம் வாழ்நாளில் எத்தனை பேரின் மூச்சை எண்ணினார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களின் கணக்காவது நமக்குக் கிடைக்கட்டும்.